வாசலில் நின்ற கோர்மல்

கோர்மல் செத்தப்போ சபைப் பத்திரிகைல நாலு வரி போட்டிருந்தாங்க. அமைதியானவர், தேவபயம் உள்ளவர், ஆராதனைக்குத் தவறாதவர், விருந்தினரை உபசரித்தவர். நாலும் நெசந்தான். ஆனா படிச்சதும் எனக்கு வந்த கோபத்துல அந்தப் பத்திரிகையை அடுப்புல போட்டுட்டேன். எழுதினவரு போதகர். அப்பதான் ஊருக்குப் புதுசா வந்திருந்தாரு, அவருக்கு என்ன தெரியும், பாவம். தெரிஞ்சவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. இங்கிலாந்துக்கும் வடக்க, குளிர்க்கடல் நடுவுல கிடக்கற எங்க தீவுல வாயைத் திறக்கிறதே வேதத்துச் சங்கீதம் பாடத்தான். இப்ப மூப்பர் டார்க்கிலும் போய்ச் சேந்தாச்சு. இனிமே நானே சொல்லிடறேன். எஃபி ஒரு வாயாடின்னு ஊருக்கே தெரியும், கெடறதுக்கு எனக்குப் பேரு ஒண்ணும் மிச்சமில்ல.

கோர்மல் எங்க தெருவுலயே பொறந்தவ. சின்ன வயசுல மத்தப் பொண்ணுங்களோட கப்பலேறி இங்கிலாந்துத் துறைமுகத்துக்குப் போயி, நாளெல்லாம் நின்னுக்கிட்டு ஹெர்ரிங் மீனுக்குக் குடல் எடுத்தவ. கல்யாணமாகி ஒரு வருஷம் முழுசா ஆகல, யுத்தத்துக்குப் போன புருஷன் கப்பலோட கடல்ல போயிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. கடலோரமா ஒரு வீடு, ஒரு பசு, நாலு கோழி. யாருக்காவது காய்ச்சல்னா சொல்லாமலே வந்து நிப்பா. எந்த வீட்டுல சாவு விழுந்தாலும் பொணத்தைக் குளிப்பாட்டறது அவதான். எதுத்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. "உனக்குன்னு ஒரு புத்தி வேணாமாடி?"ன்னு நான் திட்டினா, "உனக்குத்தான் ரெண்டு பேருக்கு ஆவுற அளவு இருக்கே எஃபி"ம்பா.

எங்க ஊருல காலைல கஞ்சி குடிச்சதும் ஒரு தடவை, ராத்திரி படுக்கறதுக்கு முன்னால ஒரு தடவை, வீட்டுக்கு வீடு வேதத்தை எடுப்பாங்க. ஒரு சங்கீதம், ஒரு அதிகாரம், அப்புறம் எல்லாரும் நாற்காலிப் பக்கம் திரும்பி முட்டி போட, வீட்டுக்குப் பெரியவர் ஜெபம் பண்ணுவாரு. அந்த நேரத்துல தெருவுல ஒரு நாய்கூட இருக்காது. எவன் வந்தாலும் ஆமென் சொல்ற வரைக்கும் வாசல்ல நிக்கணும். கதவைத் தட்டக் கூடாது, தாழ்ப்பாள்ல கை வைக்கக் கூடாது. போஸ்ட்மேன் மழைல தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நிப்பான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. கோயிலுக்குள்ள எச்சில் துப்பக் கூடாதுன்னு யாராவது சொல்லியா தெரியுது?

அந்த வழக்கத்தை ஒரு தடவை மீறினவ இந்தக் கோர்மல்தான்.

டார்க்கில் எங்க சபைக்கு மூப்பர், போதகருக்கு அடுத்த பெரியவர். கோர்மல் வீட்டுக்கு மேல, கடலைப் பாத்த முதல் வீடு அவரோடது. ஆளு பனைமரம் மாதிரி உசரம்னு நீங்க சொல்வீங்க, எங்க ஊருல மரமே கிடையாது, அதனால நாங்க அவரைப் பாய்மரம்னோம். பொய்யே தெரியாத மனுஷன். சந்தைக்குப் பசுவை விக்கப் போயி, "இது உதைக்கும், பாலும் கம்மி"ன்னு வந்தவன்கிட்ட எல்லாம் சொல்லிட்டு, திரும்ப அதே பசுவை ஓட்டிக்கிட்டு வீடு வந்து சேந்தவரு. அவரு பொண்டாட்டி பெஹாக் ஒரு வாரம் பேசல.

ஒருநாள் காலைல அவரு வீட்டு ஜெபம் நடுவுல கோர்மல் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள ஓடினா. "டார்க்கில்! மாடு! உங்க ஓட்ஸ் வயல்ல மாடு!" வீடே முட்டி போட்டுக் கிடக்கு. டார்க்கில் திரும்பிக்கூடப் பாக்கல. நிதானமா ஜெபத்தை முடிச்சு, எந்திரிச்சு, முட்டியத் தட்டிக்கிட்டு சொன்னாரு: "கோர்மல், மாடு தின்ன பயிரு மறுபடி முளைக்கும். நாங்க பரலோக ராஜா முன்னால நின்னுக்கிட்டு இருந்தோம். இனிமே வெளிய நில்லு, என்ன?" கோபமாச் சொல்லல. கோபமாச் சொல்லியிருந்தா அவ மறந்திருப்பா. ஊருல எல்லாருக்கும் பட்டப்பேரு உண்டு, அன்னிலருந்து அவளுக்கு 'மாட்டுக் கோர்மல்'னு ஆச்சு. பிள்ளைங்க அவளைப் பாத்தா மாடு மாதிரி அம்மான்னு கத்துவாங்க. அவளும் கூடச் சேந்து சிரிப்பா. உள்ள என்ன இருந்துச்சோ, எவன் பாத்தான்?

டார்க்கிலுக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவ பொண்ணு. இளையவன் ஈவர். ஈவர்னா எனக்கு உசுரு, சொல்லிடறேன். சிரிச்ச மொகம். டவுனுக்குப் போயி டான்ஸ் ஆடிட்டு வருவான், சிகரெட் வாடையோட வருவான், அப்பன் முன்னால முட்டி போட மாட்டேம்பான். "எஃபி, தேவனுக்கு டான்ஸ் பிடிக்காதுன்னு உனக்கு யாரு சொன்னா?"ன்னு என்னையே மடக்குவான். டார்க்கிலுக்கு அது நெஞ்சுல முள்ளு. திட்டத் தெரியாத மனுஷன், உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருந்தாரு.

மார்ச் மாசம், கஞ்சி வேளை. ஈவர் யார்கிட்டயும் சொல்லாம சின்னப் படகை எடுத்துக்கிட்டு, சிங்கி இறால் பிடிக்கக் கடல்ல போட்டிருந்த கூடு தூக்கப் போயிட்டான். ஜெபத்துக்கு டிமிக்கி குடுக்கத்தான், வேறென்ன. கோர்மல் கீழ உருளைக்கிழங்குப் பாத்திக்கு எருவாப் போடக் கடல்பாசி அள்ளிக்கிட்டு இருந்தா. கருப்புப் பாறைப் பக்கம் படகு மோதி, தண்ணி ஏறி, கவுந்துடுச்சு. அவன் எப்படியோ பாறைல தொத்திட்டான். எங்க ஆம்பளைங்க ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது. கடல் கூப்பிட்டா போகத்தானே வேணும், எதுக்கு இழுத்தடிக்கணும்பாங்க. இது ஒரு பேச்சு!

பாறை, தண்ணி முழுசா ஏறினா மூழ்கிடும். ஆனா அப்ப இன்னும் அவன் கணுக்காலுக்குக்கூட வரல. கையை ஆட்டிச் சிரிச்சுக்கிட்டே கத்தினானாம்: "கோர்மல்! அப்பாவைப் படகு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு! திட்டுவாரு, பரவால்ல!" அந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் இவளும் நேரம் இருக்குன்னு நெனச்சிருக்கா.

மேட்டுல ஓடி டார்க்கில் வீட்டு வாசலுக்கு வந்தா. கை தாழ்ப்பாள் மேல போயிடுச்சு. உள்ள அப்பதான் ஜெபம் ஆரம்பிச்சுது. வேற வீட்டுக்கு ஓடலாம்னா, அந்த நேரத்துல எல்லா வீட்டுலயும் அதேதான். பெரிய படகு வேற இவங்க வீட்டுதுதான். டார்க்கில் எப்பவும் சுருக்கமா முடிக்கிறவரு, இதோ முடிஞ்சிடும்னு நின்னா. அன்னிக்கு முடியல. உள்ள ஈவர் பேரு கேட்டுச்சு. மகனுக்காக அந்த மனுஷன் அழுதுக்கிட்டு ஜெபம் பண்றாரு. அவனைத் திருப்பிக் குடுங்க, கைவிட்டுடாதீங்க, வழி தவறிப் போனவனைக் கரை சேத்துடுங்கன்னு கெஞ்சறாரு. தகப்பன் மகனுக்காகத் தேவன் காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது நடுவுல பூந்து கத்தறதா? மாட்டுக்குக் கத்தின மாதிரியா? கையைத் தாழ்ப்பாள்லருந்து எடுத்துட்டா. அவளும் வாசல்லயே முட்டி போட்டு, கூடச் சேந்து ஜெபம் பண்ணியிருக்கா. இதை எங்கிட்ட அவ சொன்னது பல வருஷம் கழிச்சு.

ஆமென். கதவு திறந்துச்சு. "ஈவர் பாறைல நிக்கறான்"னா.

ஓடினாங்க. படகைத் தள்ளினாங்க. பாறை அப்பவும் வெளியதான் தெரிஞ்சுச்சு, அதான் கொடுமை. எங்கிருந்தோ ஒரு பெரிய அலை வந்து துடைச்சிட்டுப் போயிருக்கணும். பாறை மேல ஒண்ணுமே இல்ல. அவன் கவுந்த படகு கெடைச்சுது, ஒரு துடுப்பு கெடைச்சுது. ஈவர் கடைசி வரைக்கும் கெடைக்கல.

கரைக்குத் திரும்பினப்போ டார்க்கில் அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "எப்பலருந்து வாசல்ல நின்ன?"

"ஜெபம் ஆரம்பிச்சதுலருந்து."

தலையாட்டினாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கல, அவளும் எடுக்கல.

ஊரு அவளை ஒரு வார்த்தை சொல்லலைங்க. "நாமளா இருந்தாலும் நின்னிருப்போம்"னு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. நெசத்தைத்தான் சொன்னாங்க, அதுல பொய்யில்ல. ஆனா நாலு பேரு மயிரைப் பிடிச்சு இழுத்து அடிச்சிருந்தா அவளுக்கு நல்லா இருந்திருக்கும்னு எனக்குத் தோணும். அடி ஆறிடும். பிள்ளைங்க அம்மான்னு கத்தறதையும் நிறுத்திட்டாங்க, அது எவ்வளவு பெரிய தண்டனை!

மறுநாளுலருந்து கோர்மல் தெனம் காலைல ஒரு ஜாடி பால் கொண்டுபோய் பெஹாக் வீட்டு வாசப்படில வெச்சுட்டு வருவா. தட்ட மாட்டா, நிக்க மாட்டா. பெஹாக் அதை எடுத்து நாய்க்கு ஊத்துவா. என் ஜன்னல்லருந்து தெளிவாத் தெரியும். பெத்த வயிறு, என்ன சொல்லுவீங்க? ரெண்டு குளிர்காலம் அந்த நாய் நல்லாக் கொழுத்துச்சு. அப்புறம் ஒருநாள் பெஹாக் ஜாடியை உள்ள கொண்டு போனா. சாயங்காலம் கழுவின ஜாடி வாசப்படில இருந்துச்சு, உள்ள ரெண்டு முட்டை. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த பேச்சுவார்த்தை அதுதான். பெஹாக் சாகற வரைக்கும் பாலும் முட்டையுமா அது ஓடுச்சு.

டார்க்கில் கதவை மூடாம ஜெபம் பண்ண ஆரம்பிச்சாரு. ஜனவரிக் காத்துல எங்க ஊருல கதவைத் திறந்து வைக்கறதுன்னா என்னன்னு தெரியுமா? அடுப்புச் சாம்பல் வீடு பூரா பறக்கும், வேதப் புஸ்தகத்து மேல பனி விழும். மக, "அப்பா, குளிருதுப்பா"ம்பா. "கோட்டைப் போட்டுக்கோ"ம்பாரு. ஜெபமும் நாலு வாக்கியத்துக்கு மேல போகாது. ஜெபக்கூட்டத்துல போதகர் ஜெபம் பண்ணச் சொல்லி எழுப்பி விட்டா, எந்திரிச்சு, நாலு வாக்கியம் சொல்லிட்டு உக்காந்துடுவாரு. வெளியூருக்காரங்க, "உங்க மூப்பருக்கு ஜெப வரம் போயிடுச்சு போலிருக்கே"ன்னு கேட்டாங்க. "ஆமா, தேவன் உங்களுக்கு ரொம்பக் குடுத்திருக்காரு, கொஞ்சம் கடன் குடுங்களேன்"ன்னு நான் சொல்லிட்டேன். அதுக்கு என் வீட்டுக்காரர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.

இப்ப பந்தி விஷயத்துக்கு வரேன். இதுலதான் கோர்மலோட உசுரே இருந்துச்சு.

பந்தின்னா திருவிருந்து, ஆண்டவரை நெனச்சு மேஜைல உக்காந்து அப்பமும் திராட்சரசமும் எடுக்கறது; எங்க சபைல அது வருஷத்துக்கு ரெண்டு தடவை. வியாழன்ல ஆரம்பிச்சு திங்கள் வரைக்கும் ஆராதனை. சனிக்கிழமை மூப்பர் முன்னால நின்னு, பந்திக்குத் தகுதியானவங்க கைல சின்ன ஈய வில்லை ஒண்ணு குடுப்பாரு. ஞாயித்துக்கிழமை அதைக் குடுத்தாத்தான் மேஜைல உக்கார முடியும். தகுதியில்லாம உக்காந்தா ஆக்கினை, தேவ தண்டனைன்னு பயந்து, முக்கால்வாசிப் பேரு ஆயுசுக்கும் கடைசி பெஞ்சுலயே இருந்துடுவோம். நானும் அதுலதான். என் வாய்க்கு எவன் வில்லை குடுப்பான்?

கோர்மல் என்னோட பெஞ்சு. அவளுக்கு அந்த மேஜைல ஒரே ஒரு தடவை உக்காரணும். வேற ஆசையே கிடையாது. பந்தி வந்துட்டா அவ வீட்டுல வெளியூருக்காரங்களுக்கு அஞ்சு படுக்கை விரிச்சிருப்பா. ஆட்டுக்கறி சூப்பு, வேகவெச்ச உருளைக்கிழங்கு, பார்லி ரொட்டி. எல்லாரும் தின்னுட்டுப் போயி மேஜைல உக்காருவாங்க. இவ பாத்திரம் கழுவிட்டு வந்து என் பக்கத்துல உக்காருவா. வில்லை குடுக்கறது டார்க்கில். அவரு கையால வாங்கணும். அவரு ஒரு வார்த்தை சொல்லாம அவளால எப்படிக் கையை நீட்ட முடியும்? ஒரு சனிக்கிழமை துணிஞ்சு எந்திரிச்சா. பாதி வழி போயிட்டா. டார்க்கில் அவளைப் பாத்துட்டாரு. கைல வில்லையோட அப்படியே நின்னாரு. மொகம் வெளுத்துப் போச்சு. இவ திரும்பி வந்து உக்காந்துட்டா.

"போடி, இன்னும் நாலடிதான்"னு கிள்ளினேன்.

"எனக்கு அங்க எடமில்ல எஃபி"ன்னா.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. போன போன போதகரெல்லாம் அவகிட்ட பேசிப் பாத்தாங்க. எல்லாருக்கும் அதே பதில்.

கடைசில அவளுக்கு நெஞ்சுல சளி கட்டிப் படுத்தா. மார்ச் பந்திக்கு முந்தின வாரம். டாக்டர் வந்தாரு, என்னை வெளிய கூட்டிட்டுப் போயி, பொழைக்க மாட்டான்னு தலையை ஆட்டினாரு. நான் நேரா டார்க்கில் வீட்டுக்குப் போனேன். திறந்த கதவுதானே, கூப்பிடாமலே உள்ள போயிட்டேன்.

"அவ சாகப் போறா டார்க்கில். ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு வந்து சொல்லுங்க. வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அவரு அடுப்பைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. கெழவனாயிட்டாரு, பாய்மரம் வளைஞ்சு போச்சு. "மன்னிக்க நான் யாரு எஃபி? வெளிய நில்லுன்னு சொன்னதே நான்தான். மாட்டுக்காகச் சொன்னேன். அவ அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டா."

"அப்ப நீங்க போயி மன்னிப்புக் கேளுங்க!"

"கேட்டா, 'உங்க மேல தப்பில்ல'ம்பா. அதைக் கேக்கற தெம்பு எனக்கில்ல."

எனக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு. "நல்லா இருக்குய்யா உங்க ரெண்டு பேரு தேவபயமும்! ஆளுக்கொரு பக்கம் கழுதை மாதிரி காலை ஊணிக்கிட்டு நிக்கறீங்க. உங்களுக்குத் தெம்பு வர்ற வரைக்கும் அவ உசுரோட இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க, போங்க. நாலு வாக்கியம் போதும்!" அப்படிச் சொல்லிட்டு அழுதுக்கிட்டேதான் வெளிய வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலைல கோர்மல், "எஃபி, வேதத்தை எடு"ன்னா. அவளுக்கு எந்திரிக்க முடியல. பந்திக்கே போகாத வாயி நானு, என்ன பண்றது, எடுத்தேன். கதவைச் சாத்திட்டு, அவ கேட்ட சங்கீதத்தைப் பாட ஆரம்பிச்சேன். எனக்கு ராகம் நிக்காது. அவ கண்ணை மூடிக்கிட்டு உதட்டை அசைச்சா. வெளிய காலடிச் சத்தம் கேட்டுச்சு. வாசல் வரைக்கும் வந்துச்சு. நின்னுடும்னு நெனச்சேன், நான் பாடறதை நிறுத்தல.

தாழ்ப்பாள் தூக்கற சத்தம் கேட்டுச்சு.

என் ஆயுசுல ஜெப நேரத்துல அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்ல. கதவு திறந்து காத்து உள்ள அடிச்சுது. டார்க்கில் நின்னாரு, தலைல தொப்பியோட. தொப்பியைக்கூட எடுக்கல. மேட்டுலருந்து ஓடி வந்திருக்காரு, அந்த வயசுல. மூச்சு வாங்குது.

கோர்மல் படுக்கைலருந்து எந்திரிச்சு உக்காந்துட்டா. எங்கிருந்து பலம் வந்துச்சோ. கண்ணு ரெண்டும் பிதுங்குது. "யாரு? யாரு தண்ணில? டார்க்கில், யாரு தண்ணில?"

ஜெபத்துக்கு நடுவுல கதவு திறந்தா, அவளுக்கு அதுக்கு அந்த ஒரே அர்த்தந்தானே.

டார்க்கில் படுக்கைக்குப் பக்கத்துல முட்டி போட்டாரு. அவ கையைப் பிடிச்சாரு. "யாருமில்ல கோர்மல். தண்ணில யாருமில்ல. எல்லாரும் கரையேறிட்டாங்க."

"ஈவரா?"

"ஈவரும்தான். நான் பாத்தேன்."

அவ அவரு மொகத்தையே பாத்தா. பொய்யே சொல்லாத மனுஷன், பசு உதைக்கும்னு சொல்லி ஓட்டிக்கிட்டு வந்தவரு. அவரு சொன்னா நெசமாத்தானே இருக்கணும்? அப்படியே சாஞ்சுட்டா. டார்க்கில் கோட்டுப் பைக்குள்ள கையை விட்டு ஒரு வில்லையை எடுத்து அவ உள்ளங்கைல வெச்சு, விரலை மடக்கினாரு.

"இன்னிக்குச் செவ்வாய்தானே"ன்னா கோர்மல். "சனிக்கிழமைதானே குடுக்கணும்?"

"நீ நின்னது போதும்"னாரு.

வியாழக்கிழமை, வெளியூருக்காரங்க வந்து எறங்கற நேரத்துல, கோர்மல் போயிட்டா. மேஜைல உக்காரல. ஊரு பொணத்தையெல்லாம் குளிப்பாட்டினவளை நான்தான் குளிப்பாட்டினேன். வலது கையை மட்டும் பிரிக்க முடியல. பிரிக்கவும் நான் ஆசைப்படல.

சனிக்கிழமை சாயங்காலம் வில்லை குடுக்கற நேரம் வந்துச்சு. டார்க்கில் முன்னால போனாரு. வில்லைப் பையைப் போதகர் கைல குடுத்துட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு: "நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன். தெரிஞ்சே சொன்னேன். என்னால இதைக் குடுக்க முடியாது, வாங்கவும் முடியாது."

போதகர் நல்லவரு, மெதுவாச் சொன்னாரு: "மூப்பரே, யாரு தவறல? மனந்திரும்பிக் கேட்டா மன்னிப்பு உண்டுன்னு நீங்களே எவ்வளவு பேருக்குச் சொல்லியிருப்பீங்க."

"அதான் முடியல"ன்னாரு டார்க்கில். "கேட்டுப் பாத்தேன். மனந்திரும்ப வரல. நாளைக்கு அவ கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

சொல்லிட்டு நடந்து வந்து கடைசி பெஞ்சுல, கோர்மல் எடத்துல, என் பக்கத்துல உக்காந்தாரு. நான் கொஞ்சம் நகர்ந்து எடம் விட்டேன். அதுக்கப்புறம் அஞ்சாறு வருஷம் இருந்தாரு. வந்த வந்த போதகரெல்லாம் கேட்டுப் பாத்தாங்க. ஒவ்வொரு பந்திக்கும் அதே பெஞ்சுதான். ஒரு தடவை மனந்திரும்பிட்டேன்னு சொல்லியிருந்தா மேஜைல உக்காந்திருக்கலாம். கடைசி வரைக்கும் அவரு சொல்லல.